காலி மேசையில் எல்லாமே நன்றாக ஓடும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவங்களை எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தலை நரைத்தபின், சாய்வு நாற்காலியில் கிடந்தபடி எழுதுவார்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு. ஊர் ஊராகப் போய் எக்ஸ்ரே மெஷின் பழுது பார்க்கும் வெளிவேலையிலிருந்து போன வருடம்தான் ஓய்வுபெற்று, உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வந்தேன். சாய்வு நாற்காலி என்னிடம் இல்லை. நெஞ்சளவு உயரமுள்ள இரும்பு அலமாரியின் மேல் தாளை வைத்து, நின்றுகொண்டு எழுதுகிறேன்.

மெஷினைப் பற்றிய விவரமெல்லாம் கம்பெனி கொடுத்த கையேட்டில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் நான் எழுதப்போகிறேன். என் முதுகைப் பற்றி. முகத்தைச் சுளிக்காதீர்கள். இந்தத் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றதில் பாதி அது கொடுத்தது.

வலி எனக்கு இருபத்தைந்து வயதில் வந்தது. கீழே விழுந்த ஒரு ஸ்குரூவை எடுக்கக் குனிந்தேன். எடுத்தேன். நிமிர முடியவில்லை. நடந்தது இவ்வளவுதான். ஆனால் இந்த விளக்கம் யாருக்கும் போதவில்லை. கேட்கிறவர்கள் இன்னும் பெரிதாக எதையோ எதிர்பார்த்து என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் மூன்று காரணங்களைத் தயார் செய்து வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் கேட்பவர்களுக்கு, ஸ்கூட்டியில் போகும்போது ஆடு குறுக்கே வந்தது. ஆஸ்பத்திரிகளில் கேட்பவர்களுக்கு, மெஷினைத் தூக்கினேன். உறவினர்களுக்கு, வலியே கிடையாது.

மூன்றாவது பதில் என் அம்மாவின் ஏற்பாடு. எங்கள் ஊர் முதுகுளத்தூருக்குத் தெற்கே. மிளகாயும் பருத்தியும் போடுகிற குடும்பம். எங்கள் வீட்டில் முதுகு நோகாத ஆள் கிடையாது. ஆனால் அது ஐம்பது வயதுக்கு மேல், நிலத்தில் குனிந்து குனிந்து, முறையாகச் சம்பாதிக்க வேண்டிய ஒன்று. படித்துவிட்டு வேலைக்குப் போன பெண் அதை இருபத்தைந்தில் வாங்கிவருவது வரிசையில் குறுக்கே புகுவது மாதிரி.

"நாள் பூராம் குனிஞ்சு களை எடுத்தவ நான், நிமிந்து நிக்கிறேன். நீ கம்ப்யூட்டரத்தானத்தா தட்டுற" என்றார் அம்மா. சற்று யோசித்துவிட்டு, "வெளிய சொல்லிறாத. மாப்ள வீட்டுக்காரவுக காதுக்குப் போனா அம்புட்டுத்தான்" என்றும் சொன்னார்.

வெளியே சொல்லாமலேயே வைத்தியம் வெளியேயிருந்து வந்து குவிந்தது. வெறுந்தரையில் படு. இலவம்பஞ்சு மெத்தையில் படு. உளுந்தங்களி தின்னு. உளுந்து வாயு, அதைத் தொடாதே. நட. நடக்காதே. நான் எதையும் பட்டியல் போட்டுப் பார்க்கிற ஆள். எல்லாவற்றையும் எழுதி, ஒன்றையொன்று அடித்துக்கொள்வதை நீக்கிப் பார்த்தேன். மிஞ்சியது, சீக்கிரம் கல்யாணம் செய்துகொள் என்பது மட்டும். அதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ராமேஸ்வரத்தில் எல்லாத் தீர்த்தத்திலும் குளித்தால் சரியாகும் என்று அம்மா ஒருநாள் என்னை அழைத்துப் போனார். கிணற்றுக்குக் கிணறு, ஈரமான கருங்கல் தரையில், நனைந்த சேலையோடு கூட்டத்துக்குள் நடக்க வேண்டும். மேலே நிற்பவர் வாளியால் மொண்டு தலையில் ஊற்றுவார். முதல் சில கிணறுகள் வரை பக்தியோடு இருந்தேன். அதற்குப் பிறகு வழுக்காமல் நடப்பதிலேயே முழுக் கவனமும் போய்விட்டது. பாவமெல்லாம் போயிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. முதுகு போகவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் நான்தான் நின்றுகொண்டு வந்தேன். அம்மா உட்கார்ந்து, இப்போது எப்படி இருக்கிறது என்று பாலம் தாண்டும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

இங்கே முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். என் முதுகுக்கு நிற்பதில் குறை இல்லை. நடப்பதிலும் இல்லை. மல்லாந்து படுத்தால் சொர்க்கம். உட்கார்ந்தால்தான் போச்சு. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே யாரோ திருகு போட்டு முறுக்குவது மாதிரி ஆரம்பிக்கும். பிறகு எழுந்திருப்பது ஒரு தனி வேலை. குனிவதும் ஆகாது.

உலகத்தில் மரியாதை என்பது உட்காரச் சொல்வதுதான். எங்கே போனாலும் முதலில் நாற்காலியைத்தான் நகர்த்துவார்கள். நான் நின்றால் கோபம் என்று நினைத்தார்கள், அல்லது கடன் வசூலிக்க வந்திருப்பதாக நினைத்தார்கள். கீழக்கரை பஸ்ஸில் ஒருமுறை காலியான சீட்டில் உட்கார மறுத்தேன். பக்கத்தில் மீன் கூடையோடு இருந்த ஒரு அம்மா தன் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் இருந்தவரிடம், "கவுச்சி அடிக்குதாம்ல மகாராணிக்கு" என்றார். உட்கார்ந்தேன். கீழக்கரையில் இறங்கும்போது அதே அம்மாதான் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். மாசமாக இருக்கிறேன் என்று இப்போது முடிவு செய்திருந்தார். அதையும் நான் மறுக்கவில்லை. முதல் முடிவுக்கு இது தேவலை.

பரிசோதனை செய்யாமலா இருப்பேன்? ராமநாதபுரத்தில் நானே பழுது பார்த்த மெஷினில்தான் என் முதுகை எக்ஸ்ரே எடுத்தார்கள். படம் பளிச்சென்று இருந்தது. முதுகெலும்பில் ஒரு குறையும் இல்லை. என் வேலையின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது அன்றுதான். மதுரைக்குப் போய் ஸ்கேனும் எடுத்தேன். அங்கிருந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "ஒண்ணுமில்லையேம்மா. ரொம்ப யோசிக்காதீங்க" என்றார். யோசிக்காமல் இருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வசனத்தை நானே வாரத்துக்குப் பலமுறை பேசிக்கொண்டிருந்தேன். நீங்களும் சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள். புகார் வந்து நாம் போய் நிற்கும்போது மெஷின் ஒழுங்காக ஓடினால், 'கோளாறு காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்போம். கோளாறு இல்லை என்று எழுத மாட்டோம். காணப்படவில்லை. பார்த்தவன் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் அதில் இருக்காது.

இப்போது எங்கள் மேலாளரிடம் வருகிறேன். அவர் நல்லவர். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கெட்டவராக இருந்தால் எதிர்த்துச் சண்டை போட்டிருப்பேன். தினமும் காலையில் அவர் மேசைக்கு முன்னால் நின்று அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்வோம். "முதுகு எப்படிம்மா இருக்கு?" என்று மறக்காமல் கேட்பார். "ஒண்ணுமில்ல சார், பரவாயில்ல" என்பேன். ஆனாலும் நான் படி இறங்கும் விதத்தை அவர் கவனித்திருக்கிறார். ஒருநாள் அலுவலகத்துக்குள் நுழைந்தால் பெரிய அட்டைப் பெட்டி. பிரித்தால் நாற்காலி. கறுப்புத் தோல், சக்கரம், கை வைக்க இரண்டு பக்கமும் மெத்தை, தலை சாய்க்கத் தனியாக ஒன்று.

வெளிவேலையிலிருந்து என்னை எடுத்து, அலுவலகத்தில் உட்கார்ந்து போனில் புகார்களை வாங்கும் வேலைக்கு மாற்ற மேலே எழுதியிருப்பதாகச் சொன்னார். நாள் முழுவதும் அந்த நாற்காலியில்தான். "இனிமே அலைய வேணாம்மா. உக்காந்த எடத்துல வேலை" என்றபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது? உங்கள் பரிசு என்னைக் கொன்றுவிடும் என்றா?

அன்று சாயங்காலத்துக்குள் செய்தி எங்கள் ஊருக்குப் போய்விட்டது. அம்மா தெருவுக்கே சொல்லியிருந்தார். ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் வருகிற மாப்பிள்ளையின் தரமே வேறு என்று அப்பா போனில் விளக்கினார். ஒரு நாற்காலியால் இவ்வளவு பேர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அதில் உட்காரப் போகிற நான் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் தாக்குப்பிடிப்பேன். இரண்டு வாரம் மாத்திரையோடு. அதற்குமேல் நானே வேலையை விட்டுவிட்டு, மிளகாய்க் காட்டைப் பார்த்துக்கொண்டு ஊரில் நிற்க வேண்டியதுதான்.

மாற்றம் உடனே நடக்காததற்கு ஒரே காரணம், அக்காள்மடத்தில் ஓயாமல் கோளாறு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மெஷின். அந்தப் பகுதி என்னுடையது. "அத மட்டும் முடிச்சுக் குடுத்துட்டு வந்து உக்காந்துரும்மா" என்றார் மேலாளர். "இன்னொரு புகார் வந்தா மதுரையிலருந்து ஆள் வந்துரும். நீ அன்னைக்கே இங்கன உக்காந்துக்கலாம்." தண்டனையையும் பரிசையும் ஒரே வாக்கியத்தில் வைத்து இவ்வளவு அன்பாக யாராலும் சொல்ல முடியாது. சரி செய்தால் நாற்காலி. சரி செய்யாவிட்டால் அன்றைக்கே நாற்காலி. எனக்குக் கிடைத்தது இடையில் கொஞ்சம் அவகாசம். அதற்குள் யாராவது என்னை நம்பும்படி ஏதாவது செய்தாக வேண்டும். என்ன செய்வது என்று தெரியவில்லை.

ராமேஸ்வரம் தீவில், அக்காள்மடத்தில் அது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. படகில் வழுக்கி விழுந்தவர்கள், ரோட்டில் விழுந்தவர்கள் எல்லோரும் எக்ஸ்ரேவுக்கு அங்கேதான் வருவார்கள். அங்கே இல்லையென்றால், உடைந்த காலோடு பாலம் கடந்து ராமநாதபுரம் போக வேண்டும். மெஷினின் புகார் இதுதான். நோயாளியைப் படுக்க வைத்துப் படம் எடுத்தால் சிலசமயம் திரையில் ஒன்றும் வராது. மேசைக்கு அடியில் படத்தை வாங்கிக்கொள்ளும் தட்டு ஒன்று உண்டு. அதனுடைய தொடர்பு அறுந்துவிட்டதாகத் திரையில் எழுத்து வரும். இன்னொருமுறை எடுக்க வேண்டும். அதாவது ஒரு படத்துக்கு நோயாளியின் உடம்பில் இரண்டு தடவை கதிர் பாயும்.

அங்கே எக்ஸ்ரே எடுப்பவர் மெர்சி அக்கா. பாம்பன்காரர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த வாய். நான் முதலில் போனபோதே சொன்னார், "ஆள் ஏறுனாத்தான் இதுக்கு நோவு. எறங்குனா நல்லாருக்கு. கள்ள மெஷினு." எனக்கு முன்னால் போனவர்களிடமும் இதையே சொல்லியிருக்கிறார். எரிச்சலில் பேசுகிறார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் சோதித்துப் பார்க்காமல் இல்லை. இங்கே நம் தொழிலின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் யாராவது சீக்கிரம் சொல்லிக்கொடுப்பார்கள். பழுது பார்க்கப் போகிறவர் எக்ஸ்ரே மேசையில் படுக்கக் கூடாது. படுத்தால், பிறகு ஒருநாள் நோயாளியாக வந்து அதே மேசையில் படுக்க வேண்டியிருக்கும். நாமெல்லாம் எஞ்சினியரிங் படித்தவர்கள். மின்னணுவியல் தெரியும், கதிரியக்கம் தெரியும். அதனால் படுக்க மாட்டோம். ஆளுக்குப் பதிலாக மேசையின் நடுவில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துச் சோதிப்போம். வாளிக்கு எந்த ஊரிலும் படம் அருமையாக வரும். அக்காள்மடத்திலும் வந்தது. 'கோளாறு காணப்படவில்லை' என்று எழுதினேன். மெர்சி அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, "நாளையிலருந்து சீக்குக்காரவுகள வாளிக்குள்ள உக்காரச் சொல்லுறேன்" என்றார்.

மறுபடி புகார் வந்து, மேலாளர் அந்தக் கெடுவைச் சொன்ன அன்றே ராமநாதபுரத்தில் பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். உச்சிப்புளிக்கு முன்பே கண்டக்டருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. ஒரு கல்லூரிப் பையனை எழுப்பிவிட்டு எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்றேன். "சும்மா உக்காருங்கம்மா" என்றார். பஸ்ஸே என்னைப் பார்த்தது. அந்தப் பையனும் தன் தியாகம் வீணாகிவிடுமோ என்று பார்த்தான். உட்கார்ந்தேன். உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை எத்தனை வேகத்தடை இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாக உடம்பில் தெரிந்துகொண்டேன். பாலத்தில் ஏறியபோது எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். நான் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் வரிசை நின்றது. முதல் ஆளாக, கணுக்கால் வீங்கிய ஒரு மீன்பிடித் தொழிலாளி பெஞ்சில் காலை நீட்டி வைத்திருந்தார். ஆஸ்பத்திரியை நடத்துகிற டாக்டர் அறைக்கு வந்து நேராகச் சொன்னார். ஆளைப் படுக்க வைத்து எடுத்துவிடலாம், வராவிட்டால் இன்னொருமுறை எடுத்துக்கொள்ளலாம், நான் 'சரியாக இருக்கிறது' என்று எழுதிவிட்டால் அவர் வேலையைப் பார்க்கலாம், நான் என் வேலையைப் பார்க்கலாம்.

எழுதியிருந்தால் அன்றைய தினம் எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்திருக்கும், அந்தக் கணுக்காலைத் தவிர. நான் சொல்லும்வரை யாரையும் மேசையில் ஏற்ற வேண்டாம் என்றேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். தெரியாது என்றேன். டாக்டர்களுக்குப் பிடிக்காத பதில் அது. அவர்கள் அதை நோயாளிகளிடம் சொல்லித்தான் பழக்கம். விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். போனை எடுத்துக்கொண்டுதான் போனார். எங்கள் மேலாளரைக் கூப்பிடத்தான் என்பது எனக்குத் தெரியும்.

வாளியைத் தேடினேன். மூலையில் நிரம்பி இருந்தது. தூக்கக் குனிந்தேன். பஸ் சீட் ஆரம்பித்து வைத்ததை வாளி முடித்து வைத்தது. குனிந்தவள் குனிந்தபடியே நின்றேன். வாளிக்குள் என் முகம் தெரிந்தது. மிகவும் அமைதியாக இருந்தது.

மெர்சி அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏம்மா, வாளிக்குள்ள என்னத்தத் தேடுறிய?"

"நிமிர முடியலக்கா."

"மொதல்லயே சொல்லுறதுக்கென்ன? வாங்க, படுங்க."

"மேசையில படுக்கக் கூடாதுக்கா. எங்க தொழில்ல…"

"இப்பவும் சீக்காளிதான நீங்க? இனிமே என்ன புதுசா வரப் போகுது?"

என்னைக் கோணலாகவே தள்ளிக்கொண்டு போய் மேசையில் சாய்த்து, காலைத் தூக்கி வைத்து, மல்லாத்திப் போட்டார். கூரையில் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. முதுகு ஒவ்வொரு கணுவாக இறுக்கத்தை விட்டது. இந்த உலகத்தில் எனக்கு வேறு எதுவும் தேவையில்லை என்று நினைத்த அந்த நேரத்தில் மெர்சி அக்கா சொன்னார், "இந்தா. திரையப் பாருங்க."

தட்டின் தொடர்பு அறுந்துவிட்டதாகத் திரையில் எழுத்து ஒளிர்ந்தது.

"எறக்கிவிடுங்க" என்றேன். இறக்கினார். எழுத்து மறைந்தது. "மறுபடி ஏத்துங்க." ஏற்றினார். வந்தது. வாளியை வைத்துப் பார்த்தார். வரவில்லை. மெர்சி அக்காவின் முகத்தில் ஒரு மகிழ்ச்சி பரவியது. மெஷின் சரியாகப் போகிறது என்பதற்கான மகிழ்ச்சி இல்லை அது. தான் சொன்னது சரி என்று ஆகிவிட்டது என்பதற்கானது.

பலகை தாழ்கிறது என்று புரிந்தது. ஆள் கனத்துக்குக் கொஞ்சம்போலத் தாழ்ந்து அடியில் எதையோ நெரிக்கிறது. வாளியின் கனம் அதற்குப் போதவில்லை. எதை நெரிக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், மேலே ஆள் படுத்திருக்கும்போது கீழேயிருந்து பார்க்க வேண்டும். கதிர் வரும் பக்கத்தின் மின்சாரத்தை முழுக்க அணைத்தேன். தட்டுக்கு மட்டும் விட்டுவைத்தேன். பிறகு மெர்சி அக்காவை மேசையில் ஏறிப் படுக்கச் சொன்னேன்.

"நானா?"

"நீங்க சொன்னா மெஷின் கேக்கும்க்கா."

ஏறிப் படுத்தார். மேசை முனகியது. நான் டார்ச்சோடு தரையில் மல்லாந்து படுத்து, அடியில் நகர்ந்து போனேன். என்னால் வலியில்லாமல் நாள் முழுவதும் செய்ய முடிகிற ஒரே வேலை அது. எங்கள் கம்பெனியில் அந்த மேசையின் அடிவயிற்றை அதற்குமுன் யாரும் நிதானமாகப் பார்த்ததே இல்லை. எல்லோரும் குனிந்துதான் பார்த்திருக்கிறார்கள். குனிந்து பார்ப்பவர்கள் சீக்கிரம் நிமிர்ந்துவிடுவார்கள்.

தட்டுக்குப் போகும் ஒயரைத் தூக்கிப் பிடித்திருந்த கிளிப் உப்புக் காற்றில் அரித்து உதிர்ந்துபோயிருந்தது. ஒயர் தொய்ந்து, பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் கிடந்தது. பலகை தாழ்ந்தால் ஒயரின் முனை நசுங்கி, தொடர்பு விட்டுப்போகும். ஆள் இறங்கினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

"தெரியுதா?" என்று மேலேயிருந்து குரல்.

"தெரியுதுக்கா. அசையாம இருங்க."

"நா எங்குட்டு அசைய? மூச்சே விடல."

அப்போதுதான் டாக்டர் உள்ளே வந்தார். மேசையின் மேல் அவருடைய ஊழியர் மல்லாந்து கிடந்தார். மேசைக்கு அடியில் கம்பெனியின் எஞ்சினியர் மல்லாந்து கிடந்தார். வாசலில், கணுக்கால் வீங்கியவர் ஒற்றைக் காலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எழுந்து நடமாடிய ஒரே நோயாளி அவர்தான்.

டாக்டர் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, "ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்றார்.

"டூட்டி பாக்குறோம் சார்" என்றார் மெர்சி அக்கா, படுத்தபடி.

ஒயரை மேலே தூக்கிக் கட்டி, நசுங்கிய முனையை மாற்றினேன். மெர்சி அக்காவைத் தலைமாட்டில், கால்மாட்டில், ஓரத்தில் என்று நகர்த்தி நகர்த்திப் படுக்க வைத்துப் பார்த்தேன். எங்கேயும் தொடர்பு அறுபடவில்லை. அதற்குப் பிறகு வாளிக்குப் படம் எடுத்தேன், பழைய மரியாதைக்காக. பிறகுதான் கணுக்காலை உள்ளே விடச் சொன்னேன். ஒரே தடவையில் படம் வந்தது. எலும்பு உடையவில்லை.

கிளம்பும்போது மெர்சி அக்கா கேட்டார், "உங்களுக்கு எப்ப நோவும்? எந்நேரமுமா?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள், ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். எப்போது என்று இல்லை. "உக்காந்தா நோவும்க்கா. நின்னா ஒண்ணும் தெரியாது" என்றேன்.

"அப்ப நீங்களும் இது மாதிரிதான்" என்று மேசையைத் தட்டினார். "கள்ள மெஷினு."

பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பினேன். கண்டக்டர்கள் பக்கம் பார்க்கவே இல்லை. மேலாளர் தினமும் முதுகைப் பற்றி விசாரித்தார். எப்போது? நான் அவர் மேசைக்கு முன்னால் நிற்கும்போது. நானும் உண்மையைத்தான் சொன்னேன். ஒன்றுமில்லை சார். மதுரை டாக்டர் படுக்க வைத்துப் படம் எடுத்தார். படுத்திருக்கும்போது எனக்கு என்ன வலி? எல்லோரும் காலி மேசையை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஓட்டிக் காட்டியவள் நான்.

மறுநாள் காலை மேலாளர் மிகவும் நல்ல மனநிலையில் இருந்தார். அக்காள்மடத்து டாக்டர் முதலில் திட்டியதும், பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் பாராட்டியதும் அவருக்குப் பிடித்திருந்தது. "படுத்துக்கிட்டே சரி பண்ணிட்டியாமே" என்று சிரித்தார். பிறகு வழக்கம்போல, "முதுகு எப்படிம்மா இருக்கு?"

"உக்காந்து சொல்லட்டுமா சார்?" என்றேன்.

அவருக்கு ஆனந்தம். நாற்காலியை மூலையிலிருந்து அவரே உருட்டிக்கொண்டு வந்தார். அதுவரை பிரிக்காமல் இருந்த பிளாஸ்டிக் உறையை உரித்தார். உட்கார்ந்தேன். அருமையான நாற்காலி, குறை சொல்ல முடியாது. அன்றைய புகார்களைப் பேசுவோமே சார் என்றேன். பேசினோம். பெரியபட்டினத்து மெஷின், அதற்கு வர வேண்டிய பாகங்கள், மதுரைக்கு அனுப்ப வேண்டிய பதில். டீ வந்தது. குடித்தோம். நான் எழவில்லை. தாங்கிக்கொள்ளவும் முயலவில்லை. அதுதான் வித்தியாசம். வழக்கமாக முகத்தைச் சரி செய்துகொள்வேன். அன்று விட்டுவிட்டேன். பேசிக்கொண்டிருந்த மேலாளர் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றார்.

"ஏம்மா வேர்க்குது? ஃபேன் ஓடுதே."

"இன்னும் கொஞ்ச நேரம் சார். இப்பத்தான் ஆரம்பிக்குது."

"என்னது ஆரம்பிக்குது?"

எழுந்து காட்டினேன். கை வைக்கும் இரண்டு மெத்தையையும் பிடித்து, முதலில் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு மேசையை ஊன்றி, பாதி நிமிர்ந்து அங்கேயே நின்றேன். சக்கர நாற்காலி நழுவிப் பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. அவர் அரண்டுபோய் எழுந்து வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், கையிலிருந்த டீத் தம்ளரை என்னிடம் நீட்டினார்.

"இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீங்க நான் நிக்கும்போதுதான சார் கேட்டீங்க."

நாற்காலியை அவரே உருட்டிக்கொண்டு போய்ப் பழைய மூலையில் விட்டார். பிறகு என்னிடம் சண்டை எதுவும் போடாமல் மேலே இன்னொரு கடிதம் எழுதினார். வெளிவேலையிலேயே இருந்தேன். பையை மட்டும் முதுகில் மாட்டுவதிலிருந்து சக்கரம் வைத்து இழுப்பதாக மாற்றிக்கொண்டேன். குனிய வேண்டிய இடத்தில் படுத்தேன். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மேசையில் ஏறிப் படுத்துவிடுவேன். ஆஸ்பத்திரிகளில் என்னைப் பற்றிப் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். மெஷின்கள் ஓடின. வலி போகவில்லை, இன்றைக்கும் இருக்கிறது. பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டாரிடம், அவர்கள் என்னை உட்காரச் சொன்னதும் நானே விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் எழுந்துவிட்டார்கள். அம்மா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, "போறவுக போகட்டும். நீ நின்னுக்கிட்டே சாப்பிடு" என்று தட்டைக் கையில் கொடுத்தார்.

நாற்காலி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இப்போது நம் பயிற்சி அறையில்தான் இருக்கிறது. முதல் நாள் நீங்கள் எல்லோரும் அதற்குத்தான் அடித்துக்கொண்டீர்கள்.

எல்லோரும் என்று சொன்னது தவறு. உங்களில் ஒருவர் அன்று பின்சுவரில் சாய்ந்து நின்றார். உட்காரச் சொன்னதற்கு, "பரவால்லங்க மேடம், ஒண்ணுமில்ல" என்றார். அந்த வசனம் எனக்குப் பழக்கம் என்பதால் அவர் நின்றுகொண்டிருக்கும்போது எதுவும் கேட்கவில்லை. பெயரையும் இங்கே எழுதவில்லை. நான் நின்று எழுதும் இந்த அலமாரியின் மேல்தட்டில் ஒரு பாதியைத்தான் நான் வைத்திருக்கிறேன். மறுபாதியில் இருந்த பழைய ஃபைல்களை இன்று காலை எடுத்துவிட்டேன். சுவரில் சாய்ந்து நின்றவரே, நாளைக்கு உங்கள் நோட்டை அங்கே வைத்துக்கொள்ளலாம்.